பலூன் ஊதுவதற்குப் பெயர் பயிற்சியா?

தட்டுக்கழி (கடலூர்) · சனி இரவு 9.40

திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நாட்டிய ஆசிரியை நான். ஆறு முதல் ஒன்பது வரை எடுக்கிறேன், பதினோரு வருஷமாக. நேற்றும் இன்றும் "பணித்திறன் மேம்பாட்டுப் பயிற்சி" என்று கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பாட்டு, நடனம், ஓவியம், கராத்தே எல்லோரும் ஒரே ஹாலில். முதல் ஒன்றரை மணி நேரம் ஆளுக்கொரு பலூன் ஊதி, அதன் மேல் நம்முடைய பயத்தை எழுதி, உடைக்க வேண்டும். கராத்தே மாஸ்டர் ஊதும்போதே உடைத்துவிட்டார், அது ஒன்றுதான் சுவாரசியம். அப்புறம் ஸ்லைடு மேல் ஸ்லைடு.

கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டேன். எட்டாம் வகுப்பு "பி"யில் 46 பேர். பீரியட் 40 நிமிஷம். மாடி ஹால், கீழே தலைமையாசிரியை அறை. காலைத் தரையில் தட்டி ஆடுகிற தட்டடவு ஆரம்பித்த இரண்டாவது நிமிஷம் ஆயாம்மா மூச்சு வாங்க மேலே வந்து நிற்பார். பின் வரிசையில் ஒன்பது பையன்கள் அரைமண்டி, அதாவது முட்டியை மடக்கி அரையாக, உட்காரவே மாட்டேன் என்கிறார்கள். சுவரில் சாய்ந்துகொண்டு, நான் "தெய்யா தெய்" சொன்னால் நாய் குரைக்கிற மாதிரி திருப்பிச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

வந்த பதில்: "வகுப்பை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் மேடம்."

என் கட்சி இதுதான். நமக்கு இந்த மாதிரிப் பயிற்சியே வேண்டாம். அந்த இரண்டு நாளை எங்களிடமே கொடுத்துவிடுங்கள். நான் சிதம்பரம் போய் என் ஆசிரியரிடம் ஒரு பதம், அபிநயத்துக்கான பாட்டு, பாடம் கேட்டு வருவேன். கலை ஆசிரியருக்குக் கலைதான் பயிற்சி.

கட்டியக்காரன் (புதுச்சேரி) · சனி இரவு 10.25

டீச்சர், பலூன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். மற்றதில் இல்லை. இந்தப் பக்கம் பள்ளிகளில் நாடகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், அந்த அனுபவத்தில் கேட்கிறேன்: புதுப் பதம் ஒன்று கற்றுக்கொண்டு வந்தால், திங்கட்கிழமை அந்த ஒன்பது பேரும் உட்கார்ந்துவிடுவார்களா?

தெருக்கூத்தில் கட்டியக்காரன் எதற்கு? ராத்திரி பத்தரை மணி, ஜனங்கள் பாய் விரித்துக்கொண்டிருக்கிறார்கள், குழந்தை அழுகிறது, டீக்கடையில் சண்டை. ராஜா வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நிற்கும்போதே இவன் வந்து சபையைக் கையில் பிடித்துக் கொடுக்கிறான். ராஜா எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருக்கட்டும், அந்த வேலை வேறு வித்தை. நமக்கெல்லாம் ராஜா வேஷம் கட்டத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சபையைப் பிடிக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் அடவில் குறை இருக்காது. வகுப்பைப் பிடிக்கிற வித்தையில்தான் குறை. அதற்குப் பயிற்சி வேண்டும்.

தட்டுக்கழி · சனி இரவு 10.50

சார், பதினோரு வருஷம் வகுப்பு எடுத்தவளுக்கு வகுப்பு தெரியாது என்கிறீர்கள். சரி. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் உங்கள் ஊரில்தான், 1922-ல் காலமானார். உங்கள் பல்கலைக்கழகத்து நிகழ்கலைப் பள்ளிக்கே அவர் பெயர்தான். அவர் 1918-ல் மதுரையில் ஆரம்பித்த நாடக சபையில் ஆடியவர்கள் அத்தனை பேரும் சிறுவர்கள். அவருக்கு யார் பலூன் கொடுத்தார்கள்? எந்த டயட்டில் (மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனத்தில்) போய் வகுப்பு மேலாண்மை படித்தார்?

கட்டியக்காரன் · சனி இரவு 11.15

நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த மாதிரிச் சிறுவர் நாடகக் குழுவில், பாய்ஸ் கம்பெனியில், இருந்த சிறுவன் யார்? வீட்டை விட்டு வந்து, கம்பெனிச் சோறு சாப்பிட்டு, கம்பெனியிலேயே படுத்து, காலையிலும் பாடம் மாலையிலும் பாடம் என்று வளர்ந்தவன். மேடை ஏறினால்தான் பிழைப்பு. உங்கள் எட்டாம் வகுப்பு "பி" அப்படியா வந்தது? அறிவியல் முடிந்து, அடுத்து சமூக அறிவியல், நடுவில் 40 நிமிஷம் நீங்கள். அவர்கள் உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. குருகுலத்து முறையைக் கட்டாயப் பீரியடுக்குள் திணித்தால் குரைக்கத்தான் செய்வார்கள்.

நானும் திணித்தவன்தான். முதல் ஐந்து வருஷம் கத்தியே தீர்த்தேன். அப்புறம் ஒரு உறுமி மேளம் வாங்கினேன். உறுமி நின்றால் எந்த நிலையில் இருக்கிறார்களோ அந்த நிலையில் சிலையாக நிற்க வேண்டும். ஒரு வாரம் அதை மட்டும்தான் விளையாடினோம். அதற்குப் பிறகு "அமைதி" என்ற வார்த்தைக்கு எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. இது நானாகக் கண்டுபிடித்ததும் அல்ல. ஒரு பட்டறையில் பார்த்தது.

கெடிலக்கரை (கடலூர்) · ஞாயிறு காலை 7.05

இரண்டு பேரும் மாடியில் நின்று சண்டை போடுகிறீர்கள். கீழே தரையில் இருப்பவள் ஒன்று சொல்லட்டுமா?

நான் அரசுப் பள்ளியில் பகுதிநேரப் பாட்டு ஆசிரியை. 2012-ல் எங்களை எடுத்தபோது வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். 10,000 ஆக 2021 வர வேண்டியிருந்தது. வருஷக்கணக்காக மே மாதம் சம்பளம் கிடையாது என்றே ஓட்டினார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக்கு, உடற்கல்விக்கு, தொழிற்கல்விக்குப் "பகுதிநேர" ஆசிரியர் என்றே எழுதியிருக்கிறது. சட்டமே நம்மைப் பாதி ஆளாகத்தான் எண்ணுகிறது.

மூன்று அரை நாளில் எனக்கு எழுதியிருக்கும் பீரியடுகளில் பாதியைக் கடன் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். திரும்பி வராத கடன். ஜனவரிக்கு மேல் நான் ஆண்டு விழாவுக்கு மட்டும்தான் பாட்டு ஆசிரியை. வடலூர் டயட்டில் பயிற்சி என்றால் அது எனக்குப் பள்ளி இல்லாத நாளாகப் பார்த்து வருகிறது. அன்றைக்கு நான் நாலு வீட்டில் டியூஷன் எடுத்தால்தான் கேஸ் சிலிண்டர்.

முதலில் பீரியடைக் கொடுங்கள், அறையைக் கொடுங்கள், முழுச் சம்பளம் கொடுங்கள். அப்புறம் பயிற்சி பற்றிப் பேசலாம்.

கணக்கு_வாத்தி (பண்ருட்டி) · ஞாயிறு காலை 8.30

அந்தக் கடன்காரன் நான்தான். வேறு பள்ளி என்றாலும் குற்றம் ஒன்றுதான்.

ரிசல்ட் குறைந்தால் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைப்பது என்னை, பாட்டு டீச்சரை யாரும் கேட்பதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பீரியட் கேட்டால் பல கலை ஆசிரியர்கள் சந்தோஷமாகவே கொடுக்கிறார்கள். 46 பேரோடு மாரடிப்பதிலிருந்து ஒரு நாள் தப்பித்தோம் என்று. உண்டா இல்லையா?

முந்திரிக்காடு (பண்ருட்டி) · ஞாயிறு காலை 8.41

வாத்தியாருக்கு இன்று அடி நிச்சயம்.

கெடிலக்கரை · ஞாயிறு காலை 9.20

உண்டு. மறுக்கவில்லை. மழை நாளில் ஜன்னலை மூடிக்கொண்டு 50 பேரைப் பாட வைத்துப் பாருங்கள், நீங்களும் கொடுப்பீர்கள்.

எட்டாம்_வகுப்பு_அம்மா (லாஸ்பேட்டை) · ஞாயிறு காலை 10.10

ஆசிரியர்கள் பேசுகிற இடத்தில் ஒரு அம்மாவும் வரலாமா?

என் பெண் போன வருஷம் பள்ளியில் நாட்டிய வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தாள். கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள். டீச்சர் பின்னாலிருந்து வந்து இரண்டு தோளையும் அழுத்தி, இடுப்பைப் பிடித்துத் திருப்பினாராம். எல்லோரும் பார்த்தார்களாம். டீச்சர் பெண்தான், கெட்ட எண்ணம் இருக்காது, எனக்கும் தெரியும். ஆனால் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு எது தப்பான தொடுதல் என்று நாமே பாடம் நடத்திவிட்டு, அடுத்த பீரியடில் சொல்லாமல் கொள்ளாமல் இடுப்பைப் பிடித்தால் அவள் என்ன நினைப்பாள்?

கலைதான் பயிற்சி என்று முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி. இதை உங்கள் குருவிடம் போய்க் கற்க முடியுமா?

தட்டுக்கழி · ஞாயிறு மதியம் 12.45

அம்மா, அரை மணி நேரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

என் ஆசிரியர் தாளம் தட்டும் கழியை எறிவார். கணுக்காலில் பட்டால் பட்டது. முழங்காலைக் காலாலேயே தள்ளித் திருப்புவார். நாங்கள் அதை அன்பு என்றுதான் நினைத்தோம், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு அடிக்கவும் கூடாது, மனத்தைப் புண்படுத்தவும் கூடாது என்கிறது. கழியை நான் எறிவதில்லை. ஆனால் கையால் திருத்துவேன். அதில் தப்பு இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. கையை எடுத்துவிட்டால் 46 பேருக்கு அரைமண்டியை எப்படித்தான் சொல்லித்தருவது? வாயால் சொன்னால் முட்டி மடங்குகிறது, முதுகும் சேர்ந்து மடங்குகிறது.

கட்டியக்காரன் · ஞாயிறு மதியம் 2.30

சுவர் இருக்கிறதே டீச்சர். உங்கள் ஒன்பது பேர் சாய்ந்துகொண்டிருக்கும் அதே சுவர்.

குதிகாலைச் சேர்த்துப் பாதத்தைத் திருப்பி, முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். முதுகு வளைந்தால் சுவரை விட்டுப் பிரிவது அவனுக்கே தெரியும். யாரும் தொட வேண்டாம். நான் நாட்டியக்காரன் இல்லை. ஒரு பயிற்சி முகாமில் ஒரு நாட்டிய டீச்சர் செய்து காட்டியதைச் சொல்கிறேன். தொட்டே ஆக வேண்டும் என்றால் முன்னால் வந்து, "தோளைத் தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். இரண்டு நொடி.

இதைத்தான் நான் பயிற்சி என்கிறேன். தில்லி சி.சி.ஆர்.டி. (கலாச்சார வளங்கள், பயிற்சி மையம்) 1979-லிருந்து ஆசிரியர்களைக் கூட்டிவைத்துப் பொம்மை செய்யக்கூடச் சொல்லித்தருகிறது, பாடம் நடத்த. அங்கே கையில் பசை ஒட்டும், பலூன் ஒட்டாது. எங்கள் பக்கம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறியதிலிருந்து ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சிக் கணக்குக் காட்ட வேண்டும். மணியை எண்ண ஆரம்பித்தால் பலூன்தான் வரும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

கெடிலக்கரை · ஞாயிறு இரவு 8.15

சுவர் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. காலையில் கோபமாக எழுதினேன். முழுவதையும் வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்.

என் சுருதி, அதாவது நான் பாடுகிற ஆதார உயரம், ஐந்தரைக் கட்டை. இசைக் கல்லூரியில் அதில்தான் பாடினேன், பள்ளியிலும் சுருதிப்பெட்டியை அதிலேயே வைத்தேன். முதல் பாடம் என்ன, சரளி வரிசை. முதல் வரியிலேயே கீழ் சட்ஜமத்திலிருந்து (ச) மேல் சட்ஜமம் வரை ஏறி இறங்க வேண்டும். ஆறாம் வகுப்பில் எல்லோரும் ஏறினார்கள். அதே பையன்கள் எட்டாம் வகுப்பில் வாயைத் திறந்தால் தகர டப்பா. நான் என்ன செய்தேன்? "டேய், நீ சும்மா இரு, சுருதி கெடுகிறது" என்று ஒரு பையனை நிறுத்தினேன். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பிள்ளை. அதற்குப் பிறகு பத்தாவது முடித்துப் போகும் வரை இறைவணக்கத்தில்கூட வாயைத் திறக்கவில்லை.

மகரக்கட்டு. பாய்ஸ் கம்பெனிக் காலத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பையனுக்குக் குரல் உடையும், அப்போது மேலேயும் எட்டாது, கீழே இறங்கினால் வெறும் காற்றுதான் வரும், நடுவில் நாலைந்து சுரம்தான் அவனுடையது. எனக்கும் வார்த்தை தெரியும். ஆனால் அப்படி இருபது பேர் பெண்பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தால் எந்தச் சுருதியில், எந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. கச்சேரி பண்ணத்தான் சொல்லித்தந்தார்கள்.

பிறகு தட்டுத் தடுமாறி நானே கண்டுபிடித்தேன். சுருதியை மூன்று கட்டைக்கு இறக்கினேன். சரளியை ஓரமாக வைத்துவிட்டு, சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்குள் (ச முதல் ப வரை) அடங்குகிற மெட்டுகளாகப் பொறுக்கினேன். கும்மி மெட்டு, நடவுப் பாட்டு மெட்டு பலதும் அந்த நாலைந்து சுரத்துக்குள்ளேயே சுற்றுகிறது. பையன்கள் தங்கள் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டார்கள். எனக்கு அந்தச் சுருதி வசதியே இல்லை. பரவாயில்லை, வகுப்பு என் கச்சேரி இல்லையே.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. யாராவது ஒரு மதியம் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் பாடிக்கொண்டிருந்திருப்பான். அதனால் பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பளமில்லாத நாளில் வேண்டாம் என்பேன்.

கணக்கு_வாத்தி · ஞாயிறு இரவு 9.02

மேடம், எனக்கும் எட்டாம் வகுப்பில் ஒரு பாட்டு வாத்தியார் "நீ சும்மா இரு" என்றார். அதற்குப் பிறகுதான் கணக்குக்கு வந்தேன்.

தட்டுக்கழி · ஞாயிறு இரவு 10.20

கெடிலக்கரை மேடம் எழுதியது இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் என் முதல் கட்சியை நான் முழுக்க விடவில்லை. சுருதியை இறக்கலாம் என்று கண்டுபிடித்தது சங்கீதம் தெரிந்த காதுதானே? பலூன்காரர் கண்டுபிடித்திருப்பாரா?

கட்டியக்காரன் · ஞாயிறு இரவு 10.45

கண்டுபிடித்திருக்க மாட்டார். அதனால்தான் பயிற்சி தருபவர் நம்மில் ஒருவராக இருக்க வேண்டும் என்கிறேன். மேடையில் நின்று அல்ல. உங்கள் வகுப்பில், கடைசி வரிசையில், வாயை மூடிக்கொண்டு 40 நிமிஷம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முன்னால் நிற்கிறவருக்குத் தெரியாதது பின்னால் உட்கார்ந்தால் தெரியும்.

அந்த ஒன்பது பேர் ஏன் உட்காரவில்லை என்று அவர்களைக் கேட்டீர்களா டீச்சர்?

தட்டுக்கழி · ஞாயிறு இரவு 10.52

திமிர்.

கட்டியக்காரன் · ஞாயிறு இரவு 10.55

கேட்டீர்களா என்று கேட்டேன்.

தட்டுக்கழி · வியாழன் இரவு 9.30

தலைப்பை மேலே கொண்டுவருகிறேன். எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும்.

வெளியாள் யாரையும் எங்கள் பள்ளியில் விடமாட்டார்கள். அதனால் எங்கள் பாட்டு டீச்சரைக் கெஞ்சி, அவர் ஓய்வுப் பீரியடில் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் ஒரே வரி சொன்னார்: "அவங்க பேன்ட்டைப் பாத்தீங்களா?"

நான் பதினோரு வருஷமாகக் காலைப் பார்க்கிறேன், பாதத்தைப் பார்க்கிறேன், பேன்ட்டைப் பார்த்ததே இல்லை. யூனிஃபார்ம் பேன்ட் காலோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. ஜூனில் ஒருவன் அரைமண்டி உட்கார்ந்தபோது பின் தையல் டர்ரென்று கிழிந்திருக்கிறது. பெண்பிள்ளைகள் முன் வரிசையில். ஹாலே சிரித்திருக்கிறது. நான் அப்போது திரும்பி நின்று தாளம் போட்டுக்கொண்டிருந்தேனாம், சிரித்ததற்காக எல்லோரையும் திட்டினேனாம். எனக்கு நினைவே இல்லை. அன்றிலிருந்து அந்த ஒன்பது பேரும் பேசி வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. அவர்கள் குரைப்பது, ஏன் உட்காரவில்லை என்று நான் கேட்காமல் இருப்பதற்கு. திட்டு வாங்கினால் பீரியட் ஓடிவிடும் அல்லவா.

இதை ஒரு பையன் பாட்டு டீச்சரிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை.

இன்று அவர்களிடம் கழியைக் கொடுத்தேன். ஒன்பது பேரில் மூன்று மூன்று பேராகத் தட்டுக்கட்டையில் தாளம், மற்றவர்கள் "தெய்யா தெய்" சொற்கட்டு. வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதி ஆட, மறுபாதி தாளம். 23 பேர் மட்டும் தட்டியதால் ஆயாம்மாவும் மேலே வரவில்லை. சிமென்ட் தரையில் ஓங்கித் தட்டினால் குதிகாலுக்கு நல்லதல்ல என்பதால் மெதுவான முதல் காலத்திலேயே நிறுத்திக்கொண்டேன். ஒருவன் இன்னும் குரைக்கிறான், ஆனால் தாளத்தில் குரைக்கிறான்.

புதன்கிழமை பி.டி. உடை, எல்லோரும் தொளதொள டிராக் பேன்ட். அன்றைக்கு என் பீரியட் இருந்தால் பிரச்சினையே இல்லை. புதன் நாலாவது பீரியட் கணக்கு. கணக்கு_வாத்தி சார், உங்கள் இனத்தாரிடம் எப்படிக் கேட்டால் கிடைக்கும்?

கணக்கு_வாத்தி · வியாழன் இரவு 9.48

கடன் என்று கேட்காதீர்கள், நாங்களே திருப்பிக் கொடுக்காதவர்கள், நம்பமாட்டோம். மாற்றிக்கொள்ளலாம் என்று கேளுங்கள். உங்கள் பீரியட் காலையில் இருந்தால் உடனே ஒத்துக்கொள்வார். சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கிற நாலாவது பீரியடில் எந்தப் பிள்ளைக்கும் கணக்கு ஏறாது, அது எங்களுக்கும் தெரியும்.

எட்டாம்_வகுப்பு_அம்மா · வியாழன் இரவு 10.05

அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா டீச்சர், திட்டியதற்கு?

தட்டுக்கழி · வியாழன் இரவு 10.12

இன்னும் இல்லை அம்மா. நாளைக்கு.

கெடிலக்கரை · வியாழன் இரவு 10.30

அடுத்த சனிக்கிழமை எங்களுக்கும் ஒரு பயிற்சி என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. மகரக்கட்டு பற்றி அரை மணி நேரம் நான் பேசலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். கட்டியக்காரன் சார், பேச அனுமதி கிடைத்தாலும் அன்றைக்குச் சம்பளம் உண்டா என்று எங்காவது போட்டிருக்குமா?

கட்டியக்காரன் · வியாழன் இரவு 10.41

போட்டிருக்காது. உங்கள் முதல் நாள் கோபத்துக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை மேடம்.